நான் பிரதி எடுத்த நாவல்

விடுதியில் தங்கிப் படித்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்போம். அறுபதைத் தாண்டிய நாலு பேர் ஒரு கல்யாண வீட்டில் சேர்ந்து உட்கார்ந்தால் அந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். தண்ணீராக ஓடிய சாம்பார், மூட்டைப்பூச்சி, வார்டனுக்கு நாம் வைத்த பட்டப்பெயர். சொல்லிச் சிரித்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவோம். எனக்கு மட்டும் சிரித்து முடித்த பிறகும் ஒன்று மிச்சமிருக்கும். இத்தனை வருஷம் அதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உங்களுக்கும் என் வயதுதான் என்பதால் சொல்லலாமென்று தோன்றுகிறது.

ஒன்பதாம் வகுப்புக்குத்தான் நான் தஞ்சாவூருக்கு வந்தேன். எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் நிலத்தில் வேலை செய்தவர்கள். எங்கள் தெருவில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் நான். பச்சைச் சாயம் அடித்த ஒரு தகரப்பெட்டியை அப்பா தலையில் தூக்கிக்கொண்டு வந்து விடுதி வாசலில் இறக்கினார். நடவு நேரம். நின்று பேச அவருக்குப் பொழுதில்லை. "சாப்பிடும்மா, நல்லா சாப்பிடு" என்று மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். படிக்கச் சொல்லவில்லை.

விடுதி புது ஆற்றங்கரையை ஒட்டி இருந்தது. கல்லணையில் தண்ணீர் திறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். பின்சுவருக்கு அப்பால் தண்ணீர் போகும் சத்தம் பகலெல்லாம் கேட்கும். கூடத்தில் முப்பது பாய். ஈரப் பாவாடையும் தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசனை. இப்போதும் மழைநாளில் துணி காயாமல் கிடந்தால் எனக்கு அந்தக் கூடம்தான் ஞாபகம் வரும். எனக்குப் பக்கத்துப் பாயில் இருந்தவள் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பெண். அவள் வாப்பா கப்பலேறிப் போய் வியாபாரம் செய்தவர். முதல் நாளே ஒரு தகர டப்பாவைத் திறந்து ரவையும் நெய்யுமாக மணந்த தம்ரூட்டை நகத்தால் கீறி எனக்குப் பாதி கொடுத்தாள். "அழுவாம தின்னு. அழுதுக்கிட்டே தின்னா இனிப்பு தெரியாது" என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

அக்கா என்று நான் கூப்பிட்டவளைச் சந்தித்தது துணி துவைக்கும் கல்லில். அவள் பத்தாம் வகுப்பு. ஒரத்தநாட்டுப் பக்கம். தாய் இல்லை. பத்தில் தவறினால் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுப்பதாக வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். மெலிந்த உடம்பு, பெரிய கண், யாரோடும் ஒட்டாத நடை. என் நோட்டில் இருந்த கையெழுத்தை ஒருநாள் எட்டிப் பார்த்தவள், மறுநாள் கத்தையாகச் சில தாள்களைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பழைய பரீட்சைத் தாள்களின் முதுகுப்பக்கம் முழுக்கப் பென்சிலால் எழுதியிருந்தது. கோழி கிண்டியது மாதிரி எழுத்து.

"நாவல் எழுதுறேன். என் எழுத்து எனக்கே புரியல. நீ அழகா காப்பி பண்ணித் தர்றியா?" என்றாள்.

நாவல் எழுதுகிறவர்கள் செத்துப்போன பெரியவர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சரி என்றேன்.

பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றில் நான் எழுத ஆரம்பித்தேன். நான் ஒரு அத்தியாயத்தை முடித்ததும் பென்சில் தாள்களை அக்கா சமையலறை அடுப்பில் போட்டுவிடுவாள். நோட்டைக் கூடத்தில் சுற்றுக்கு விடுவது என் பக்கத்துப் பாய்க்காரியின் வேலை. யார் எந்தச் சாயங்காலம் படிக்கலாம் என்று முறை வைத்துக் கொடுத்தாள். வாங்கிய நோட்டில் சோற்றுப்பருக்கை ஒட்டியிருந்தால் அடுத்த முறை கிடையாது.

அந்த நாவலில் யாருக்கும் பெயர் இல்லை. நாயகி ஒரு விடுதிக்கு வருகிறாள், அதனால் அவள் 'வந்தவள்'. அவளுக்குச் சிநேகிதியாகிற துடுக்குக்காரி 'சுவரேறி'. முதல் அத்தியாயத்தில் வந்தவள் பெட்டியைத் திறந்து, அம்மாவின் பழைய புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அதில் இன்னும் எத்தனை நாளைக்கு அம்மா வாசனை இருக்கும் என்று யோசிக்கிறாள். இரண்டாவதில் சுவரேறி பின்சுவரைத் தாண்டி ஆற்றில் கால் நனைத்துவிட்டு வந்து, ஈரக்காலோடு பிரார்த்தனையில் நிற்கிறாள். மூன்றாவதில் இரண்டு பேரும் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு பகல் காட்சி சினிமாவுக்குப் போகிறார்கள். அதைப் படித்துவிட்டுக் கூடமே ஒரு வாரம் சிரித்தது. நான்காவதில் வந்தவள் பெரியவளாகிறாள். யாரும் எதுவும் சொல்லித் தராததால் சாகப்போகிறோம் என்று நினைத்து அப்பாவுக்குக் கடைசிக் கடிதம் எழுதுகிறாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இதையெல்லாம் எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டதற்கு, "நடக்குறத எழுதக்கூடாதா?" என்று திருப்பிக் கேட்டாள். ஐந்தாவதில் சுவருக்கு மேலே ஒரு பையன் கடிதம் வீசுகிறான். அதில் ஏழு எழுத்துப்பிழை. சுவரேறி சிவப்பு மையில் திருத்தித் திருப்பி வீசுகிறாள்.

ஆறாவதும் ஏழாவதும் யாருக்கும் பிடிக்கவில்லை. விடுதிக்குக் கணக்கு சிறப்பு வகுப்பு எடுக்க வெளியிலிருந்து ஒரு சார் வருகிறார் என்று அதில் வரும். நிஜத்திலும் எங்களுக்கு அப்படி ஒருவர் வந்துகொண்டிருந்தார், பத்தாம் வகுப்புக்கு மட்டும். கதையில் சார் வருகிற நாளில் வந்தவள் தாவணியில் மூன்று ஊக்கு குத்திக்கொள்கிறாள். பெஞ்சின் ஓரத்தில் உட்காராமல் நடுவில் போய் நெருக்கிக்கொள்கிறாள். நோட்டைத் திருத்த சார் பின்னால் வந்து நின்றால் மூச்சை அடக்கிக்கொண்டு பத்து எண்ணுகிறாள். இரண்டு அத்தியாயமும் இதுதான். சினிமா இல்லை, கடிதம் இல்லை. "என்னடி இது, ஊக்கு குத்துறதையே எழுதிக்கிட்டிருக்கா" என்று பாய்க்காரி அலுத்துக்கொண்டாள். நானும் அக்காவிடம் போய், அடுத்ததில் சுவரேறியை மறுபடி கொண்டுவரச் சொன்னேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பார்க்கலாம் என்றாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போது பதினாலு வயதில் விளங்கவில்லை.

மாட்டிக்கொண்டது ஒரு சனிக்கிழமை. மூட்டைப்பூச்சிக்காகப் பெட்டி, பாய் எல்லாவற்றையும் வெயிலில் போடச் சொன்னார் வார்டன். கட்டையாக, வெள்ளைப் புடவையில், எப்போதும் சாவிக்கொத்துச் சத்தத்தோடு வருகிற மனுஷி. சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர் என்று சொல்வார்கள். என் பெட்டியைத் தானே கவிழ்த்தார். நோட்டு விழுந்தது. நின்ற இடத்திலேயே புரட்டினார். வெயிலில் அவர் முகம் மெல்ல மெல்லக் கறுத்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யார் எழுதியது என்று கேட்டார். கையெழுத்து என்னுடையது என்றேன். கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும். மறுபடி கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றே அப்பாவுக்கு அஞ்சலட்டை போயிற்று. வந்து மகளை அழைத்துப் போகவும் என்று.

ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் அக்கா என் பக்கம் வரவே இல்லை. சாப்பாட்டு வரிசையில் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. "நீ எழுதல, காப்பிதானே பண்ணுன. சொல்லித் தொலையேன்" என்று பாய்க்காரி என்னைப் பிடித்து உலுக்கினாள். நான் சொல்லாததை நீங்கள் பெரிய விசுவாசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதி விசுவாசம்தான். மீதிப் பாதி, அக்காவை அனுப்பிவிட்டால் கதை அதோடு நின்றுபோகுமே என்ற பயம். ஊருக்குப் போனால் அம்மாவோடு நடவு வரிசையில் நிற்க வேண்டும், அது ஒன்றும் இழிவில்லை, ஆனால் அங்கிருந்து மறுபடி படிக்க வந்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. அது தெரிந்தும் அப்படித்தான் இருந்தேன்.

ஆறாம் நாள் காலையில் அப்பா வந்தார். முழங்கால்வரை காய்ந்த சேற்றைக் கழுவியிருந்தார், நகக்கண்ணில் மட்டும் கறுப்பாக மிச்சம் இருந்தது. வார்டன் அறையின் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்ன பிறகும் சுவரோரமாக நின்றார். வார்டன் நோட்டை மேசைமேல் வைத்து, உங்கள் மகள் எழுதக்கூடாததை எழுதியிருக்கிறாள், பாடம் சொல்லித் தருகிற வாத்தியாரைப் பற்றிக்கூட அசிங்கமாக எழுதியிருக்கிறாள், மற்ற பிள்ளைகள் கெட்டுவிடும், இங்கே வைத்துக்கொள்ள முடியாது என்றெல்லாம் சொன்னார். அப்பா குறுக்கிடாமல் கேட்டார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்கம்மா. புள்ளைய படிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்றார்.

அதெல்லாம் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இல்லை என்றார் வார்டன்.

"என்ன தப்புன்னு கேக்காம எப்படிங்க கூட்டிட்டுப் போறது? அவ அம்மா கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

குரலை உயர்த்தவில்லை. ஆனால் அங்கிருந்து அசையவும் இல்லை. வார்டன் நோட்டை என் பக்கம் தள்ளினார்.

முதல் அத்தியாயத்திலிருந்து படித்தேன். எங்கள் ஊரில் ராத்திரி கதை கேட்கிறவர்கள் 'ம்' கொட்டுவார்கள் இல்லையா, அப்பாவுக்கு அது தவிர வேறு விதமாகக் கேட்கத் தெரியாது. வார்டன் முன்னால், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரிக்கு வரி 'ம்' என்றார். அம்மா புடவை வந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினார். சினிமாவுக்குப் போன இடத்தில் ஒரு தடவை சிரித்துவிட்டு வார்டனைப் பார்த்து அடக்கிக்கொண்டார். நான்காவதை நான் தணிந்த குரலில் படித்தேன். அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். 'ம்' மட்டும் வந்தது. அந்த 'ம்'முக்காகவே நான் தொடர்ந்து படித்தேன்.

ஆறாவதில் பாதியில் அந்த 'ம்' நின்றது.

"இரு. அந்தப் புள்ள எதுக்கு மூணு ஊக்கு குத்திக்குது?"

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியாது.

"திரும்பப் படி."

படித்தேன். பெஞ்சின் நடுவில் நெருக்கிக்கொண்டது, மூச்சை அடக்கிப் பத்து எண்ணியது, எல்லாவற்றையும். நான் நிமிர்ந்தபோது அப்பா என்னைப் பார்க்கவில்லை, வார்டனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கதையா, நடந்ததான்னு எனக்குத் தெரியலம்மா. ஆனா இந்தப் புள்ள அந்த ஆளுக்குப் பயப்படுது."

வார்டன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்த ஐந்து நாளில் நோட்டை முழுக்கப் படித்தவர் அவர். வாத்தியாரைப் பற்றி ஒரு பெண் எப்படி எழுதலாம் என்றுதான் அவருக்குப் பட்டிருக்கிறது. எதற்கு எழுதினாள் என்று யோசித்ததில்லை. அது அவர் முகத்தில் அப்போதுதான் ஏறியது.

அக்கா வெளியே நடையில்தான் நின்றிருந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல், "அவ வெறும் காப்பிதான் பண்ணுனா. எழுதுனது நான். அந்த ஊக்கு என்னோடது" என்றாள்.

வார்டன் எங்களை வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டார். நானும் அப்பாவும் நடையில் நின்றோம். உள்ளே அழுகைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து வார்டன் வந்தார். குழாயடியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, முந்தானையால் துடைத்தபடி அப்பாவிடம் வந்து, "நீங்க ஊருக்குப் போங்க. உங்க பொண்ணு இங்கயே படிக்கட்டும்" என்றார்.

பேருந்து நிலையம்வரை நான் அப்பாவோடு நடந்தேன். ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கேட்டார், மேலே அந்தக் கதையில் என்ன ஆகிறது என்று. இன்னும் எழுதவில்லை என்றேன். எழுதச் சொல் என்றார்.

கணக்கு சாருக்கு உடம்பு சரியில்லை, இனி வரமாட்டார் என்று மறுநாள் பிரார்த்தனையில் அறிவித்தார்கள். எங்களுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். வேறொரு ஊரில் அவர் தனிப்பயிற்சி வகுப்பு நடத்துவதாக அடுத்த வருஷம் கேள்விப்பட்டோம். யாரும் புகார் எழுதவில்லை. அக்காவின் வீட்டுக்கும் தெரிவிக்கவில்லை. தெரிந்திருந்தால் மறுநாளே கூட்டிக்கொண்டு போய்த் தாலி கட்டியிருப்பார்கள் என்பது உண்மை. அந்தப் பெண்ணைக் காப்பாற்றிவிட்டோம் என்று வார்டன் நினைத்திருப்பார். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன். பிறகு நானே முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். அந்த இன்னொரு ஊரின் பெஞ்சுகளில் யார் யார் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்களோ என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். வார்டனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வாயைத் திறந்தவளுக்குத்தான் அவமானம் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்தானே அவரும்.

ஆனால் அவர் ஒன்று செய்தார். அதற்குப் பிறகு சிறப்பு வகுப்பு எதுவானாலும் கூடத்துக் கதவெல்லாம் திறந்திருக்க, நடுவில்தான் நடந்தது. யார் பாடம் எடுக்க வந்தாலும் வார்டன் ஒரு முறத்தில் அரிசியைப் போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்துவிடுவார். ஒரு கல்லைப் பொறுக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

நோட்டு திரும்பி வரவில்லை. அவர் பீரோவில் வைத்துப் பூட்டியதைப் பார்த்தோம். வருஷக் கடைசியில் நான் துணிந்து போய்க் கேட்டபோது காணவில்லை என்றார். எரித்தாரோ, வைத்துக்கொண்டாரோ. ஏழு அத்தியாயம், என் கையெழுத்தில் எழுபது பக்கம் இருக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ எழுதியிருக்கிறேன், அவ்வளவு அழகாக எழுத வந்ததில்லை.

அக்காவும் நானும் பேசிக்கொண்டது மறுபடி அந்தத் துவைக்கும் கல்லில்தான். "நாலு நாள் உன்ன தனியா விட்டுட்டேன்" என்றாள். "அஞ்சு நாள்" என்றேன். அவள் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். ஈரக்கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பத்தில் அவள் தேறினாள். தாய்மாமன் வேறிடத்தில் கட்டிக்கொண்டார். அவள் நர்ஸ் படிப்புக்குப் போய், ஊர் ஊராகச் சைக்கிளில் பிரசவம் பார்த்து, ஓய்வு பெற்று இப்போது ஒரத்தநாட்டிலேயே இருக்கிறாள். பாய்க்காரி பேரன் பேத்தி எடுத்துவிட்டாள், வாரத்துக்கு ஒரு தடவை என்னோடு தொலைபேசியில் சண்டை போடுகிறாள்.

எட்டாவது அத்தியாயம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள்.

அப்பா கேட்டதை நான் அக்காவிடம் சொல்லியிருந்தேன். தீபாவளி கழிந்து அவள் எழுதி முடித்தாள். இந்தத் தடவை அதை அடுப்பில் போடவில்லை, என்னிடமும் தரவில்லை. நேரே வார்டனிடம் போய், பெற்றோர் வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டலாமா என்று கேட்டாள். வார்டன் தாளை வாங்கிப் படித்தார். ஒரு நாள் வைத்திருந்தார். பிறகு கூடத்தில் ஜமக்காளத்தை விரிக்கச் சொன்னார்.

அன்றைக்கு அப்பா வரவில்லை. களையெடுப்பு. பாய்க்காரியின் உம்மா வெள்ளைத் துப்பட்டியோடு வந்திருந்தார். வேறு சில அப்பாக்கள், கையில் பொட்டலத்தோடு சில அம்மாக்கள். ஏதோ பாட்டு, நாடகம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அக்கா தன் கோழிக்கிறுக்கலைத் தானே தடவித் தடவிப் படித்தாள். கணக்கு வகுப்பு. சார் பின்னால் வந்து நிற்கிறார். வந்தவள் பத்து எண்ண ஆரம்பிக்கிறாள். நாலு எண்ணியதும் நிறுத்திவிடுகிறாள். எழுந்து நின்று, வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி, "சார், கைய எடுங்க" என்கிறாள்.

அதை அக்கா படிக்கவில்லை, சொன்னாள். தாளிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுச் சொன்னாள். ஜமக்காளத்தில் யாரோ ஒரு அப்பா இருமினார். பாய்க்காரியின் உம்மா துப்பட்டியை வாயில் பொத்திக்கொண்டார். கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் மெல்ல எழுந்து தங்கள் பிள்ளைகளிடம் போனார்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கிட்டத்தில் உட்கார்ந்து பேசினார்கள் என்று எனக்கு ஞாபகம்.

கூடம் காலியான பிறகு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் தூணோரம் நின்றிருந்தாள். அவளைப் பார்க்க அன்று யாரும் வரவில்லை. சுருட்டிய ஜமக்காளத்தைத் தூக்கிக்கொண்டு நானும் பாய்க்காரியும் அவளைக் கடந்தபோது, அவள் வார்டனிடம் போய், ஒன்று சொல்ல வேண்டும் என்றாள். "எங்க ஊர்ல எனக்கு ஒருத்தர்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

வார்டன் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்து, சாப்பாட்டு மணியை இன்றைக்குத் தான் சொல்லும்வரை அடிக்க வேண்டாம் என்றார். பிறகு தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அந்தப் பெண்ணுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"சொல்லும்மா. எவ்வளவு நேரமானாலும் சொல்லு."

அவள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று நாங்கள் முப்பது பேரும் பசியோடு காத்திருந்தோம். ஒருத்திகூட மணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்கவில்லை.